கிளச் நழுவுகிறதா? பிளைவீலையும் பாருங்கள்!

வில்லியனூரில் காலை எட்டரை மணிக்கு ரயில் கேட் மூடினால் வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்வதில்லை, வண்டிகள்தான் சேருகின்றன. கரும்பு ஏற்றிய டிராக்டர், பள்ளிக்கூட வேன், டெம்போ, இவற்றின் நடுவே பழைய மாருதி 800 ஒன்று. கேட் திறந்ததும் எல்லாம் ஓரடி நகரும், நிற்கும். இன்னும் ஓரடி நகரும், மறுபடியும் நிற்கும். மாருதியின் டிரைவருடைய இடது கால் பெடலை முழுதும் அமுக்குவதும் இல்லை. முழுதும் விடுவதும் இல்லை. இதற்குத்தான் மோட்டார்க்காரர்கள் 'ஹாப் கிளச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் வண்டியின் வயிற்றுக்குள் ஒரு தகடு தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை யார் நினைக்கிறார்கள்?

வைகாசி மாதம் திருக்காமீஸ்வரர் தேரோட்டத்தன்று கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். தேர் நகரும் வேகத்தில்தான் அன்று கார்களும் நகரும். தேருக்குக் கிளச் இல்லை, காருக்கு இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆடம்பரத்துக்காக வைத்திருப்பவர்கள் அல்லர். பாகூர் ஏரிக்கரைக்கு அந்தப்புறம் இருக்கும் கிராமத்திலிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வயதான தாயாரை அழைத்துப் போக வேண்டும். கரிக்கலாம்பாக்கம் வழியாக மகளைக் கல்லூரியில் விட வேண்டும். வரும் வழியில் உர மூட்டை இரண்டு ஏற்றிக்கொள்ள வேண்டும். கார் ஒரு நாள் நின்றால் வீடே நின்றுவிடும். அதனால்தான் கிளச் போய்விட்டது என்ற செய்தி அந்த வீடுகளில் கவலையுடன் கேட்கப்படுகிறது.

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மிதிச்சா சத்தம் மட்டும் வருது."

"கிளச் போச்சு தம்பி. பிளேட்டை மாத்திடலாம்."

"பிளேட் மட்டும் போதுமாண்ணே?"

"போதும், போதும். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

பட்டறை வாசலில் தினமும் நடக்கும் சம்பாஷணைதான் இது. 'நல்லாத்தான் இருக்கும்' என்பதற்கும் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது ஆறு மாதம் கழித்து, அதே கியர் பாக்ஸை மறுபடியும் இறக்கும்போதுதான் தெரியவரும்.

குயவர் சக்கரமும் கார் சக்கரமும்

பிளைவீல் என்றால் என்ன என்று வில்லியனூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது சுலபம். சுடுமண் சிற்பங்களுக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. குயவர் தம் கனமான சக்கரத்தில் கோலைச் செருகி நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். சக்கரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் நிதானமாகப் பானையை வனைகிறார். கோல் கொடுத்த பலத்தைச் சக்கரத்தின் கனம் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. பிளைவீல் செய்வதும் அதே வேலைதான்.

கார் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் உதைக்கிறது. நாலு சிலிண்டர் உள்ள அம்பாஸடரில் அரைச் சுற்றுக்கு ஓர் உதை கிடைக்கும். மூன்றே சிலிண்டர் உள்ள மாருதி 800-இல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஓர் உதை. இடையிலே பலம் இல்லாத நேரத்தில் என்ஜினைச் சுற்றவைப்பது அதன் பின்புறம் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் அந்த இரும்பு வட்டம்தான். அது இல்லாவிட்டால் என்ஜின் நடுங்கி நடுங்கி நின்றுவிடும்.

கிளச் பிளேட் இந்தப் பிளைவீலின் முகத்தில்தான் ஒட்டி நிற்கிறது. ஒரு பக்கம் பிளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட், இரண்டுக்கும் நடுவே, அப்பளத்தை இரண்டு தட்டுகளுக்கு இடையே வைத்ததுபோல, கிளச் பிளேட். பெடலை விட்டால் வில்லின் பலம் மூன்றையும் சேர்த்து இறுக்குகிறது, மிதித்தால் பிரிகிறது. ஆகவே தேய்மானம் பிளேட்டுக்கு மட்டும் வருவதல்ல. இரண்டு இரும்பு முகங்களுக்கும் வருகிறது. மாற்றும்போது பிளேட்டை மட்டும் மாற்றுவது, தேய்ந்த அம்மியை அப்படியே விட்டுக் குழவியை மட்டும் புதிதாக வாங்குவது போன்றது.

கெட்டுப்போனதற்கு அடையாளங்கள் பல. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் அலறுகிறது, ஸ்பீடா மீட்டர் முள் அசையவில்லை என்றால் பிளேட் நழுவுகிறது. பெடலை முழுதும் மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தம் போட்டால் கிளச் பிரியவில்லை. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று ஒலி வந்தால் ரிலீஸ் பேரிங் அழுகிறது. வண்டி புறப்படும்போது மாடு சிலிர்ப்பதைப்போல உடம்பெல்லாம் உதறினால் பிளைவீல் முகத்தைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் பட்டிருக்கலாம், என்ஜினைத் தாங்கும் ரப்பர்களும் தேய்ந்திருக்கலாம். இவற்றில் எது என்று தெரியாமல் 'கிளச் போச்சு' என்று சொல்லிவிடுவது, வயிற்றுவலிக்காரனைப் பார்த்ததும் கத்தியை எடுக்கும் வைத்தியம்.

வெள்ளம் செய்த வேலை

இந்தப் பக்கத்துக் கார்களுக்கு ஒரு விசேஷ வியாதியும் உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு விடவில்லை. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகி வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. வீடூர் அணையின் தண்ணீர் சங்கராபரணியில் இறங்கி வில்லியனூர்ப் பக்கத்தைச் சூழ்ந்தது. வாசலில் நின்ற கார்களின் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு சீட்டைக் காயவைத்தார்கள், ஆயிலை மாற்றினார்கள், பாட்டரியை மாற்றினார்கள். கிளச் இருக்கும் கூட்டுக்குள் புகுந்த தண்ணீரையும் சேற்றையும் நினைத்தவர்கள் குறைவு. கூட்டின் அடியில் இருக்கும் சிறு துவாரம் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும், வாஸ்தவந்தான். ஆனால் பிளைவீலின் முகம் பச்சை இரும்பு. அதற்குப் பெயிண்ட் கிடையாது. ஈரமான லைனிங் அதன்மேல் இறுகி ஒட்டிக்கொண்டிருக்க, இரண்டு மூன்று வாரம் வண்டி அசையாமல் நின்றால் துரு இரண்டையும் பசை போட்டதுபோல ஒட்டிவிடுகிறது. அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழாது.

இப்படி ஒட்டிக்கொண்டதை உடனே கழற்றிவிட வேண்டும் என்பதில்லை. பெடலை அமுக்கி, சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரவு முழுவதும் விட்டால் சில சமயம் தானாகவே விட்டுவிடும். விட்டுவிட்டது என்பதற்காகச் சந்தோஷப்பட்டு மறந்துவிடவும் கூடாது. பிரியும்போது லைனிங்கின் துணுக்குகள் இரும்போடு போயிருக்கலாம். துருப் பிடித்த இடம் குழி விழுந்து, உப்புக் காகிதம்போலப் புதுப் பிளேட்டையும் அரைத்துத் தள்ளும். மேலோட்டமான துருவானால் எமரித் தாள் போட்டுத் துடைத்தால் போய்விடும். நகத்தால் வருடினால் குழி தட்டுகிறதா? அப்படியானால் எமரித் தாளுக்கு அங்கே வேலையில்லை.

கேபிள் உள்ள வண்டிகளில் வெள்ளத்தின் சேறு கேபிளின் உறைக்குள்ளும் போய்விடுகிறது. பெடல் கல்லைப்போலக் கனக்கும். கிளச்சைக் குற்றம் சொல்வார்கள். சில நூறு ரூபாய்க் கேபிளுக்காகச் சில ஆயிரம் ரூபாய் செலவு செய்தவர்களும் உண்டு.

லேத்தா, புதிதா?

கியர் பாக்ஸை இறக்கியாயிற்று. பிளைவீல் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கேதான் வண்டிக்காரர் அருகில் நிற்க வேண்டும். டீக்கடைக்குப் போய்விடக் கூடாது.

முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாக, வழுவழுப்பாக இருந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மெல்லிய கோடுகள் இருந்தால் லேத்தில் போட்டுச் சமன் செய்யலாம். நீலமாகவும் கறுப்பாகவும் திட்டுத் திட்டாக இருந்தால், அந்த இடங்களில் சூடு ஏறி இரும்பின் தன்மையே மாறிவிட்டது என்று அர்த்தம்; அவை மற்ற இடத்தைவிடக் கடினமாகிவிடுகின்றன. சாதாரண லேத் உளி அந்தத் திட்டுகளின்மேல் துள்ளிப் போய்விடும்; பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் அங்கே மேடு நிற்கும். வண்டி புறப்படும்போது உதறல் மறுபடியும் வரும். ஆகையால் இப்படிப்பட்ட பிளைவீலைக் கிரைண்டிங் கல் கொண்டு தேய்க்கும் பட்டறைக்கே அனுப்ப வேண்டும். மயிரிழைபோன்ற கீறல்கள் மேலோடு நின்றால் தேய்ப்பதில் போய்விடும். விரிசல் உள்ளே ஓடியிருந்தால், அல்லது போல்ட் துளையைத் தொட்டிருந்தால், ஒரு பேச்சும் வேண்டாம்: அந்தப் பிளைவீல் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது. என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, அதாவது ஒரு விநாடிக்கு 50 சுற்று, அது உடைந்தால் கிளச் கூட்டையே பிளந்துகொண்டு வரும். டிரைவரின் கால்கள் அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்குக் கம்பெனியின் கையேட்டில் அளவு இருக்கும். தேய்மானத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்றுதான் கணக்கிடுகிறார்கள். சில பிளைவீல்களில் பிளேட் உராயும் முகம் ஒரு மட்டத்திலும், பிரஷர் பிளேட்டின் கவர் உட்காரும் விளிம்பு வேறு மட்டத்திலும் இருக்கும். உராயும் முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வில்லின் இறுக்கம் குறைந்து புதுக் கிளச்சே நழுவும். இதை லேத்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் தட்டையான பிளைவீல் நூறு தேய்த்த பழக்கத்தில் இதையும் அப்படியே தேய்த்துவிடுவார்.

பிளைவீலின் விளிம்பைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் கடிப்பது அந்தப் பற்களைத்தான். என்ஜின் அணையும்போது கண்ட இடத்தில் நிற்பதில்லை. நாலு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களிலும், மூன்று சிலிண்டர் என்ஜின் மூன்று இடங்களிலுமே வந்து நிற்கும். அதனால் அந்த இடத்துப் பற்கள் மட்டும் தேய்ந்து மழுங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சர்ரென்று வெறும் சத்தம் வருவதும், வண்டியைச் சற்றுத் தள்ளினால் உடனே பிடித்துக்கொள்வதும் இதனால்தான். இதற்காகப் பிளைவீலையே மாற்ற வேண்டாம். வளையத்தைத் தனியாகக் கழற்றி, புது வளையத்தைச் சூடேற்றி விரிவடையச் செய்து, வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டை போடுவதைப்போல உட்காரவைக்கலாம்.

எந்தப் பெட்டியை வாங்குவது?

கிளச் செட் என்றால் மூன்று பொருள்கள்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே பெட்டியில் வாங்குவதே உத்தமம். பேரிங்கின் விலை அற்பம். அது கெட்டால் மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கும் கூலி அற்பமல்ல.

கிளச் தயாரிப்பு நமக்குத் தூரத்துச் சமாச்சாரமும் அல்ல. ஓசூரில் லுக் கம்பெனியின் கிளச்சுகள் தயாராகின்றன. சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் பிரான்சின் வாலியோ கம்பெனியோடு சேர்ந்து தயாரித்து வந்திருக்கிறது. வாலியோவின் கதை புதுச்சேரிக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். 1923-இல் பிரான்சில் 'பெரோடோ' என்ற பெயரில் தொடங்கி, 1932-இல் கிளச் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1980-இல்தான் வாலியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'நான் சுகமாக இருக்கிறேன்' என்று பொருளாம்! கிளச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

பெட்டியின்மேல் பெயர் இருந்தால் மட்டும் போதாது. போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. பில் கொடுக்கும் கடையில் வாங்கி, பழைய பிளேட்டையும் புதுப் பிளேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வட்டத்தின் அளவு, நடுத்துளையில் உள்ள பற்களின் எண்ணிக்கை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

பழைய பிளேட்டுக்கே புது லைனிங் ரிவெட் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் அது பழக்கமான வேலை. தினமும் குடும்பத்தோடு ஓடும் காருக்கு அது லாபமா என்றால், இல்லை. லைனிங் புதிதாகும்; பிளேட்டின் சிறு வில்களும் நடுப் பற்களும் கிழமாகவே இருக்கும். லைனிங் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, ரிவெட் தலைக்கும் லைனிங் மேல்மட்டத்துக்கும் உள்ள ஆழத்தை அளப்பார்கள். அது அரை மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். கூட்டுக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடும் வழக்கம் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

அம்பாஸடர் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. 1958-இல் தொடங்கிய அந்தக் காரின் உற்பத்தி உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு நின்றது. 2017-இல் அதன் பெயரைப் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர் விலை போயிற்றே தவிர, சாமான் வரவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. அங்கே போகுமுன் தம் வண்டியில் இருப்பது பழைய 1,489 சி.சி. என்ஜினா, பிற்காலத்து இசுசு என்ஜினா, டீசலா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றின் கிளச் மற்றதற்குப் பொருந்தும் என்று நம்பிப் போகக் கூடாது. பழைய 1,489 சி.சி. என்ஜினின் பின்புறத்தில் ரப்பர் சீல் கிடையாது. திருகுபோன்ற ஒரு பள்ளம்தான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. என்ஜின் கிழமானால் எண்ணெய் கசிந்து கிளச்சின்மேல் விழும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிப் பயன் இல்லை. கசிவை நிறுத்தாமல் புதுக் கிளச் போடுவதும் பயன் இல்லை. மாருதி போன்ற வண்டிகளில் ரப்பர் சீல் இருக்கிறது. பிளைவீலைக் கழற்றிய அன்றே அதையும் மாற்றிவிட வேண்டும்.

பந்தயக் கார் ஆசை

இளைஞர்களுக்கு ஓர் ஆசை உண்டு. பிளைவீலைக் கடைந்து கனத்தைக் குறைத்தால் வண்டி பறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. சோழவரம் விமான தளத்தில் நடந்த பந்தயங்களிலும் சரி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலும் சரி, இலேசான பிளைவீல் உள்ள என்ஜின் சட்டென்று வேகம் எடுக்கும். ஆனால் பந்தயப் பாதையில் ரயில் கேட் கிடையாது. மங்கலத்துக்கும் கரிக்கலாம்பாக்கத்துக்கும் இடையே நெல் காயவைத்திருக்கும் சாலையில், முதல் கியரில் ஊர்ந்து போகும்போது, கனம் குறைந்த பிளைவீல் என்ஜினை அடிக்கடி அணைத்துவிடும்; மூன்று சிலிண்டர் வண்டி உதறித் தள்ளிவிடும். கடினமான வில் போட்ட 'ஹெவி டூட்டி' பிரஷர் பிளேட்டும் இப்படித்தான். பெடல் கனத்து முழங்கால் வலிக்கும், கேபிள் அறுபடும், கிராங்க் ஷாப்டைத் தாங்கும் வாஷர்களும் சீக்கிரம் தேயும். கம்பெனி கொடுத்த அளவே கிராமத்துக் காருக்குப் போதும்.

ஐரோப்பியக் கம்பெனிகளின் டீசல் கார்களைப் பழைய விலையில் வாங்கியவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் பிளைவீல் ஒரே இரும்பாக இருக்காது. இரண்டு துண்டாகி நடுவே வில்களோடு இருக்கும். 1985-இல் ஜெர்மனியில் லுக் கம்பெனி தொடங்கிவைத்த சாதனம். டீசலின் உதறலைக் கியர் பாக்ஸுக்குப் போகாமல் அது விழுங்கிக்கொள்கிறது. இதை லேத்தில் போட்டுத் தேய்க்கும் பேச்சே கூடாது. இரண்டு துண்டுகளுக்கும் இடையே ஆட்டம் அளவுக்கு மீறினால் மாற்றுவதுதான் வழி. விலை கண்ணைப் பறிக்கும். ஒரே துண்டுப் பிளைவீலாக மாற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். காசு மிச்சம், ஆனால் அந்த உதறலைக் கியர் பாக்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனை செலவு செய்வதற்கு முன் வண்டியின் வயதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு தாண்டிய காருக்கு அது 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அடிப்பாகம் துருப்பிடித்துப் பொடியாகும் வண்டிக்குப் புதுக் கிளச் போடுவது வீண். அடிப்பாகம் திடமாக, என்ஜின் புகை விடாமல் இருந்தால், முழுக் கிளச் செட்டும் பிளைவீல் வேலையும் புதுக் கார் ஒன்றின் சில மாதத் தவணைக்குமேல் போகாது.

மாட்டும்போது சில சில்லறை விஷயங்கள் இருக்கின்றன. பிளைவீலைக் கழற்றுமுன் அது இருந்த நிலையைக் குறி போட்டுக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளைக் கையின் பலத்தில் அல்ல, டார்க் ரெஞ்சில் அளவு பார்த்து முடுக்க வேண்டும். எண்ணெய்க் கை புது லைனிங்கில் படக்கூடாது. பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது அதன்மேலேயே எழுதியிருக்கும். திருப்பி மாட்டினால் கிளச் பிரியாது. கியர் பாக்ஸின் ஷாப்டில் கிரீஸ் துளியளவு போதும். அதிகம் தடவினால் சூட்டில் உருகி லைனிங்கின்மேலேயே தெறிக்கும்.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் வேகமாக ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் புது லைனிங்கும் தேய்த்த இரும்பும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதுவரை மூட்டை ஏற்றாமல், பெடலின்மேல் காலை ஊன்றியே வைத்திருக்காமல் ஓட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் பட்டறைக்குப் போய், கேபிள் வண்டியானால் பெடலின் மேல்விளையாட்டைச் சரிபார்த்துக்கொண்டு வரலாம். அதற்குக் கூலி கேட்கும் மெக்கானிக் அந்தப் பக்கத்தில் அபூர்வம். டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.